ஒரு மில்லிமீட்டர்

நாமக்கல்லைப் பற்றி எழுத வேண்டுமென்றால் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஊர் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையைப் பற்றி எழுதலாம். அதன் உச்சியிலுள்ள கோட்டையைப் பற்றி எழுதலாம். தலைக்கு மேல் கூரை இல்லாமல் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு நிற்கும் ஆஞ்சநேயரைப் பற்றி எழுதலாம். கவிஞர் இராமலிங்கம் பிள்ளையைப் பற்றி எழுதலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறது கோழிமுட்டை! நான் இப்போது எழுதப் போவதோ பிஸ்டனையும் ஹெட் கேஸ்கட்டையும் பற்றி.

கதை எழுதுகிறவனுக்கு இந்த எண்ணெய்ப் பிசுக்கு எதற்கு என்று வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடும். சேலத்திலிருந்து தெற்கே ராசிபுரம், நாமக்கல் என்றும், மேற்கே சங்ககிரி, திருச்செங்கோடு என்றும் போய்வந்தவர்கள் சுளிக்கமாட்டார்கள். அந்தச் சமவெளியில் லாரிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. ஒரு வீட்டில் லாரிக்குச் சொந்தக்காரர், அடுத்த வீட்டில் டிரைவர், அதற்கடுத்த வீட்டில் லாரிக்குப் பாடி கட்டும் தச்சர். திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகள். எஞ்சினுக்கு எந்தப் பிஸ்டன் போடுவது என்ற கேள்வியைப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை பார்ப்பது என்ற கேள்வியைப் போலவே, அதே திண்ணையில், அதே கவலையோடு அங்கே பேசுவார்கள். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் நகை போய்விடும்.

நகை என்று சும்மா சொல்லவில்லை. 2009-ஆம் வருஷம் என் தங்கையின் ஐந்து பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது ஓர் எஞ்சினுக்காகத்தான்.

தங்கைக்கு ஒரே மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. படிப்பில் நாட்டமில்லாமல் கிளீனராகப் போய், டிரைவராகி, கடைசியில் கடன் வாங்கி ஒரு பழைய லாரிக்கு எஜமானனாகவும் ஆகிவிட்டான். போகும்போது சேலத்து ஜவ்வரிசி, திரும்பும்போது கோழித் தீவனத்துக்காகக் கர்நாடகத்து மக்காச்சோளம். இதுதான் பிழைப்பு. சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறதல்லவா? அதில் பாரத்தோடு ஏறும்போது மற்ற லாரிகளெல்லாம் இவனைத் தாண்டிப் போகும். இளரத்தம், அவமானமாக இருந்திருக்கிறது. அந்த வருஷம் சித்திரை மாத வெயிலில், கணவாயில் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது ரேடியேட்டர் கொதித்தது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது. இன்னொரு லாரி வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்தார்கள். செய்தி கேட்டு நானும் போனேன். போனவன் எட்டு நாள் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த எட்டு நாளில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டறை மேஸ்திரிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். சிறு பிள்ளையாகச் சேலத்தில் ஸ்பானர் கழுவி ஆரம்பித்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதாக இருக்கும். எஞ்சினின் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, கேஸ்கட்டை என் கையில் கொடுத்தார்.

"பாருங்க ஐயா. மூணாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவால கருகியிருக்குதா? நெருப்பு இதுலதான் வழி பண்ணிக்கிட்டுப் போயிருக்குது."

கேஸ்கட் என்றால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாததல்ல. பிரஷர் குக்கர் மூடிக்குள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் கேஸ்கட்தான். அது நைந்துபோனால் விசில் வராது, பருப்பு வேகாது. குக்கருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் அதிகமாக இருக்கும். டீசல் எஞ்சினுக்குள் வெடிப்பு நடக்கும் கணத்தில் அதே சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவை ஒட்டி இருக்கும். குக்கர் வளையம் நீராவியை மட்டும் தடுத்தால் போதும். ஹெட் கேஸ்கட்டுக்கு மூன்று வேலை. நடுவிலுள்ள பெரிய ஓட்டைகளில் நெருப்பு. சுற்றியுள்ள ஓட்டைகளில் தண்ணீர். இன்னும் சில ஓட்டைகளில் எண்ணெய். மூன்றும் விரலகலத் தூரத்தில் பக்கம் பக்கமாக ஓடும். ஒன்று மற்றொன்றைத் தொட்டுவிடாமல் அந்தத் தகடு காக்க வேண்டும். காக்கத் தவறினால் ரேடியேட்டரில் குமிழி வரும், அல்லது எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துப்போகும், அல்லது வெள்ளைப் புகை வரும். என் மருமகன் வண்டியில் மூன்றும் வந்திருந்தன.

பிஸ்டன்களையும் வெளியே எடுத்தார்கள். ஒன்றின் பக்கவாட்டில் பூனை பிறாண்டின மாதிரி கோடுகள். அந்த லைனரிலும் அதற்கு எதிர்க்கோடுகள். ஆறையும் மாற்றியாக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சங்கிலி அடகுக்குப் போனது அன்று மாலைதான்.

கையில் பணம் வந்ததும் மருமகனுக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது.

"மாமா, எப்படியும் எஞ்சினைப் பிரிச்சாச்சு. இதோட ஒரு டர்போவையும் வெச்சு, பம்பையும் கொஞ்சம் தூக்கி விட்டா, தொப்பூர்ல ஒருத்தன் நம்மளைத் தாண்ட முடியாது. பழைய இரும்புக் கடையில டர்போ சல்லிசா கெடைக்குது."

மேஸ்திரி உடனே மறுக்கவில்லை. மேஜைமேல் இரண்டு பிஸ்டன்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்த எஞ்சினுக்கு உரியது. மற்றொன்று அதே குடும்பத்தைச் சேர்ந்த டர்போ எஞ்சினுக்கு உரியது. இரண்டுக்கும் ஒரே விட்டம். "வித்தியாசம் சொல்லுங்க பார்க்கலாம்" என்றார். இரட்டைப் பிள்ளைகளாகத்தான் எனக்குத் தெரிந்தன.

அவர் காட்டிக் கொடுத்தார். டர்போ பிஸ்டனில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி, அலுமினியத்துக்குள் ஓர் இரும்பு வளையத்தை வார்ப்பிலேயே பதித்திருந்தார்கள். அதிகச் சூட்டிலும் அழுத்தத்திலும் வெறும் அலுமினியப் பள்ளம் தேய்ந்து அகன்றுவிடும். ரிங் ஆட ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த இரும்பு. தலையிலுள்ள குழியின் வடிவமும் வேறு. டர்போ எஞ்சின்களில் அடியிலிருந்து எண்ணெயைப் பீச்சிப் பிஸ்டனைக் குளிர வைப்பார்கள். அதற்கான வசதி நம் எஞ்சின் பிளாக்கில் இல்லை.

"அப்ப டர்போ பிஸ்டனையே போட்டுடலாமுங்களே! கெட்டியான சரக்குதானே?" என்றான் மருமகன்.

"டர்போ இல்லாத எஞ்சின்ல அதைப் போட்டா காம்ப்ரஷன் கம்மியாயிரும் தம்பி. காலையில ஸ்டார்ட் ஆகறதுக்கே மூக்கால அழுவும். கெட்டிச் சரக்குங்கறது தனியா ஒண்ணும் இல்ல. எதோட சேர்ந்து குடித்தனம் பண்ணப் போகுதுன்னு பார்க்கோணும்."

இந்தக் குடித்தனம் என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. பிஸ்டன் அலுமினியக் கலவை; லைனர் வார்ப்பிரும்பு. சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு உலோகங்களுக்கும் அந்த வட்டாரத்திலேயே பிறந்தகம் உண்டு. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் இரும்புத் தாது. அந்த ஜில்லாவின் தாதுவை நம்பித்தான் 1830-ஐ ஒட்டி ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட். அதைக் கொண்டு 1965 முதல் பல வருஷங்கள் மேட்டூரில் அலுமினியம் காய்ச்சினார்கள். அந்த உலை பிறகு நின்றுபோயிற்று. இந்தப் பக்கத்து மலையும் அந்தப் பக்கத்து மலையும் சம்பந்தம் செய்துகொண்டதுபோல, எஞ்சினுக்குள் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று உரசாமல் வாழ வேண்டியிருக்கிறது. ஒன்றுக்குக் கோபம் சீக்கிரம் வரும். மற்றொன்றுக்கு மெதுவாக வரும். ஆகவே குளிர்ந்திருக்கும்போதே நடுவில் இடம் விட்டு வைக்க வேண்டும். விடாவிட்டால் சூட்டில் பிஸ்டன் விரிந்து லைனரைக் கவ்விக்கொள்ளும். பூனை பிறாண்டின கோடு வருவது அப்படித்தான். அதிகமாக விட்டாலோ பிஸ்டன் ஆடிக் கடகடவென்று அடிக்கும்.

இரும்புப் பிஸ்டனே போட்டுவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே என்று கேட்கலாம். ஆதியில் அப்படித்தான் போட்டார்கள். 1913-ஆம் வருஷம் பென்ட்லி என்ற ஆங்கிலேயர் பிரான்ஸில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். அங்கே மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க ஒரு சின்னப் பிஸ்டனை வைத்திருந்தார்கள். வெறும் அலங்காரப் பொருள், அலுமினியத்தில் செய்தது. கையில் எடுத்துப் பார்த்தார். ஏன் இதையே எஞ்சினுக்குள் போடக்கூடாது என்று தோன்றிவிட்டது. உருகிப்போகும், உடைந்துபோகும் என்று மற்றவர்கள் பயமுறுத்தினார்கள். அவர் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு செம்பு கலந்து வார்க்கச் செய்து, பந்தயக் காரில் போட்டு ஓட்டினார். எடை குறைந்ததால் எஞ்சின் வேகமாகச் சுழன்றது. சூட்டையும் சீக்கிரம் இறக்கி வைத்தது. முதல் உலக யுத்தத்தில் அந்த யோசனை ஆகாய விமான எஞ்சின்களுக்கும் போயிற்று. 1919-இல் அவர் சொந்தக் கம்பெனி தொடங்கினார். சென்னையில் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது 1949-இல். இன்று லாரிக்கடியில் படுத்திருக்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் பிஸ்டன் என்றால் அலுமினியம் என்றுதான் சொல்வான்.

இத்தனைக்கும் அந்தக் கலவை 580 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போதே உருக ஆரம்பித்துவிடும். எரியும் வாயுவின் சூடோ 2000 டிகிரிக்கு மேல். பிறகு எப்படி உருகாமல் இருக்கிறது? வாங்கிய சூட்டை ரிங்குகள் வழியாக லைனருக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும், எண்ணெய்க்கும் ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும் வரை பிழைக்கும். பம்பைத் தூக்கி டீசலை அதிகமாக ஊற்றினால் வரவு கூடிவிடும். செலவழிக்கும் வழியை யாரும் அகலப்படுத்துவதில்லை. இதைத்தான் மேஸ்திரி மருமகனுக்கு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்த எஞ்சினுக்கு 697 என்று பெயர். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 128 மில்லிமீட்டர். ஆறும் சேர்ந்து 5675 சி.சி. ஒவ்வொரு பிஸ்டன் தலையும் ஏறக்குறைய 74 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் தலையில் ஏழு டன்னுக்கு மேல் விழுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுற்று சுற்றும்போது இப்படி விநாடிக்கு இருபது தடவை! அதே ஏழு டன் மேல்நோக்கித் தலையையும் தூக்கப் பார்க்கும். போல்ட்டுகளும் கேஸ்கட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"டர்போ வெச்சா ஏழு டன் பத்து டன்னாகும் தம்பி. ஆகட்டும், வேண்டாங்கல. அப்ப பிஸ்டன் மாத்தோணும், எண்ணெய் பீச்சறதுக்கு வழி பண்ணோணும், ரேடியேட்டர் பெருசு வேணும், கேஸ்கட் வேற, போல்ட்டு வேற. எல்லாம் பண்ணினா நல்லா ஓடும். ஒண்ணை மட்டும் பண்ணினா, மத்ததெல்லாம் அதுக்குப் பலியாகும்."

கூட்டிப் பார்த்தால் ஒரு சங்கிலி போதாது, இரண்டாகும். இரண்டாவது சங்கிலி தங்கையிடம் இல்லை. மருமகன் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் ஒருவர் வந்து, பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டியில் பிஸ்டன் செட் ஒன்றைப் பாதி விலைக்குக் கொண்டுவந்து காட்டினார். மேஸ்திரி ஆறையும் தராசில் வைத்தார். ஒன்றுக்கொன்று எடை ஒத்துவரவில்லை. ஆறு பேர் சேர்ந்து பல்லக்குத் தூக்கும்போது ஒருவன் மட்டும் குள்ளனாக இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு அவர் மருமகனை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்டார். எந்த ரோட்டில் ஓடப் போகிறது? எவ்வளவு பாரம்? யார் ஓட்டுவது? பதில்களைக் கேட்டுவிட்டு, "நீங்க கேக்கறது பந்தயக் குதிரைங்க. உங்களுக்கு வேண்டியது உழவு மாடு. இருக்கற மாட்டுக்கு முதல்ல தீனி ஒழுங்காப் போடலாம்" என்றார். எஞ்சினுக்கு உரிய பிஸ்டன் செட்டே போடுவதென்று முடிவாயிற்று. சேலத்தில் நம்பிக்கையான கடையில் முழு விலை கொடுத்து வாங்கினோம்.

அத்துடன் விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கேஸ்கட் பாக்கி இருந்தது.

அந்தக் காலத்தில் கேஸ்கட் என்றால் இரண்டு செம்புத் தகடு, நடுவில் கல்நார். பழைய மெக்கானிக்குகள் அதைத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். இரும்பு அப்படிச் செய்தால் இறுகும். செம்பு மெத்தென்று ஆகிவிடும். மறுபடி ஒரு தடவை உபயோகிக்கலாம். கல்நார்த் தூசி நுரையீரலை அரிக்கிறது என்று தெரிந்தபின் அது போய்விட்டது. அதற்குப் பதில் கிராஃபைட்டோ வேறு நாரோ அமுக்கிய தகடுகள் வந்தன. ஓட்டையைச் சுற்றி எஃகு விளிம்பு. நெருப்பு வளையம் என்பார்கள். அதற்கும் பின்னால் பல அடுக்கு எஃகுத் தகடு கேஸ்கட்டுகள் வந்தன. அதிக அழுத்தத்துக்கு அவைதாம் சிறந்தவை என்று பேர்.

"அப்ப எஃகையே போடுங்க" என்றேன் நான்.

மேஸ்திரி சிரித்தார். பிளாக்கின் மேல்பரப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். லேசாக நெருநெருவென்றிருந்தது. எஃகு அடுக்குக்குக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான முகம் வேண்டும். இந்தக் கிழட்டு முகத்தில் அது ஒட்டாது. அமுக்குத் தகடுதான் சிறு மேடு பள்ளங்களை மன்னித்து உட்காரும். பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளை முகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

அதைவிட முக்கியமான ஒரு காரியம் இருந்தது. முன்பு வண்டி வைத்திருந்தவர் எப்போதோ பிளாக்கின் முகத்தைக் கடைசல் போட்டுச் சமன் செய்திருக்கிறார். முகம் தேய்ந்தால் பிஸ்டன் உச்சியில் முன்பைவிட மேலே வந்து நிற்கும். எவ்வளவு மேலே? மேஸ்திரி ஈயக்கம்பி கொண்டுவரச் சொன்னார். கட்டைப் பேனா ரீஃபில் கனத்தில் மெத்தென்ற கம்பி. இரண்டு துண்டு வெட்டி, கிரீஸ் தடவிப் பிஸ்டன் தலையில் ஒட்டினார். சாதாரண கனமுள்ள கேஸ்கட்டை வைத்து, தலையை மாட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி போல்ட்டுகளை முடுக்கினார். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடி கழற்றினார். பிஸ்டனுக்கும் தலைக்கும் நடுவில் அகப்பட்ட ஈயம் அப்பளமாக நசுங்கியிருந்தது. மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தார்.

"பாயின்ட் ஆறு" என்றார். அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஆறு பங்கு. அவருக்கு வேண்டியது ஒரு மில்லிமீட்டர்.

கூடுதல் கனமுள்ள கேஸ்கட் தேடி இரண்டு நாள் அலைந்தோம். இரண்டாம் நாள் வெயிலில் மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமா, பாயின்ட் நாலு மில்லிமீட்டருக்காகவா இத்தனை அலைச்சல்? இடம் கம்மியா இருந்தா காம்ப்ரஷன் கூடும். கூடினா இழுவை கூடும். நல்லதுதானே?"

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நான் அன்று சாயங்காலம் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு சிலிண்டருக்கு 946 சி.சி. காற்று. பதினேழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமுக்கினால் அது 59 சி.சி. இடத்தில் அடங்க வேண்டும். அதாவது சின்னக் காபி டம்ளரில் பாதி. அப்படி அமுங்கும் காற்று தானாகவே 500 டிகிரிக்கு மேல் சூடாகி, பீச்சின டீசலைப் பற்ற வைக்கிறது. உயரத்தில் 0.4 மில்லிமீட்டர் குறைந்தால் 3 சி.சி. போய்விடும். 59 என்பது 56 ஆகும். பதினேழு ஏறக்குறைய பதினெட்டாகிவிடும். அழுத்தம் ஏறும், ஏழு டன்னும் அதற்குத் தக்கபடி ஏறும், கருகிப்போன அதே இடத்தில் கேஸ்கட் மறுபடி பாரம் தாங்க வேண்டும்.

மேஸ்திரி என் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் கணக்கு வேறு.

"ஈயம் பாயின்ட் ஆறுன்னு சொல்றது எஞ்சின் தூங்கறப்பங்க. ஓடறப்ப பிஸ்டன் சூட்டுல வளரும். கனெக்டிங் ராடு இழுபடும். பேரிங்குல கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நாளாக ஆகத் தலையில கரி படியும். எல்லாம் அந்தப் பாயின்ட் ஆறுலதான் கை வெக்கும். ஒரு நாள் தொப்பூர்ல பாரத்தோட இறங்கறப்ப, சின்ன கியர்ல எஞ்சின் கத்தும் பாருங்க, அன்னிக்குப் பிஸ்டன் தலையை முட்டும். முட்டினா எஞ்சின் போகும். எஞ்சின் போனா, எஞ்சின் பிடிமானத்தை நம்பி இறங்கற வண்டி என்ன ஆகும்?"

மருமகன் பதில் சொல்லவில்லை. அந்த இறக்கத்தில் விபத்துக்குள்ளான லாரிகளை அவன் என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறான். மறுநாள் காலை அவனே சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய், கடை கடையாக விசாரித்து, கூடுதல் கனக் கேஸ்கட்டோடு வந்தான். மறுபடி ஈயக்கம்பி, மறுபடி அளவு. ஒரு மில்லிமீட்டர். பட்டறைப் பையன் யாரும் சொல்லாமலே டீ வாங்கி வந்தான்.

ரிங்குகளையும் ஒவ்வொன்றாக லைனருக்குள் விட்டு, அதன் இரு முனைகளுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார்கள். ஓர் அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு அங்குலம் என்பது பழைய கணக்கு. இந்த எஞ்சினுக்கு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று, நான்கு பங்கு. அதுவும் குறைந்தால், சூட்டில் ரிங் நீண்டு முனையோடு முனை மோதி லைனரைக் கிழித்துவிடும். எங்கே பார்த்தாலும் இடைவெளிச் சங்கதிதான்! அத்தனை இரும்பையும் அலுமினியத்தையும் கொட்டிச் செய்த எஞ்சின், அவற்றுக்கு நடுவில் விட்ட வெற்றிடத்தால்தான் பிழைக்கிறது என்று அந்த எட்டு நாளில் எனக்குப் பட்டது. விலை கொடுத்து வாங்குவது உலோகத்தை. கைத்திறமைக்குக் கொடுக்கும் கூலியோ அந்த வெற்றிடத்துக்கு. பேரம் பேசுகிறவர்கள் முதலில் குறைக்கப் பார்ப்பதும் இரண்டாவதைத்தான்.

எட்டாம் நாள் எஞ்சின் உயிர் பெற்றது. என் தங்கை மஞ்சள் பையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தாள். மேஸ்திரியிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏனுங்க மேஸ்திரி, எத்தனை நாளைக்குத் தாங்குமுங்க?"

"முதல் ஆயிரம் கிலோமீட்டர் அரை பாரத்தோட ஓட்டச் சொல்லுங்கம்மா. அப்புறம் இங்க கொண்டாந்து போல்ட்டை மறுபடி முடுக்கோணும். அதை உங்க பையன் செஞ்சாருன்னா, நான் சொன்ன பதிலைவிட அதிகமாவே தாங்கும்."

மருமகன் இரண்டையும் செய்தான். முழுப் பாரத்தோடு முதல் தடவையாகத் தொப்பூர் ஏறினபோது நானும் கேபினில் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் இரண்டாவது கியரில் முனகும் இடத்தில் வண்டி மூன்றாவது கியரில் போயிற்று. இரண்டு லாரிகள் எங்களைத் தாண்டின. ஒன்றை நாங்கள் தாண்டினோம். மருமகனின் முகத்தைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்ப்பதும் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பதுமாக இருந்தான். முள் நடுவிலேயே நின்றது. திரும்பி வந்து மேஸ்திரியிடம் இழுவை கூடியிருக்கிறது என்று சொன்னபோது, "புதுசா ஒண்ணும் சேர்க்கலையே தம்பி! ஒழுகிக்கிட்டு இருந்ததை அடைச்சோம், அவ்வளவுதான்" என்றார். தேய்ந்த ரிங் வழியாகவும் கருகின கேஸ்கட் வழியாகவும் பல மாதங்களாக வெளியே போய்க்கொண்டிருந்த பலந்தான் அது. எஞ்சின் பலவீனமானது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சங்கிலியை மீட்க 2011-ஆம் வருஷம் ஆயிற்று. வட்டியோடு கட்டிவிட்டு வந்து, தாயார் கையில் கொடுத்தான். அந்த லாரி அதற்குப் பிறகும் பல வருஷங்கள் ஓடி, நல்ல விலைக்கே கைமாறியது.

மேஸ்திரி இப்போது பட்டறைக்கு வருவதில்லை. கண் பார்வை மங்கிவிட்டது. காலமும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் விற்கும் புது லாரிகளில் எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. பம்பை ஸ்குரு டிரைவரால் தூக்கிவிட முடியாது. ஈயக்கம்பி வைத்துப் பார்க்கும் கைகள் குறைந்துவருகின்றன. ஆனால் அலுமினியம் இன்னும் இரும்பைவிட அதிகமாகத்தான் விரிகிறது. நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் இன்னும் விரலகலத் தூரத்தில்தான் ஓடுகின்றன.

2021-இல் மருமகன் புது லாரி வாங்கப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டான். விற்பனை நிலையத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் குதிரைசக்தியைப் பற்றி மளமளவென்று பேச ஆரம்பித்தார். மருமகன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், "குதிரைசக்தி இருக்கட்டுமுங்க. எந்த ரோட்டுல ஓடப் போகுது, எவ்வளவு பாரம், யார் ஓட்டப் போறாங்கன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லீங்களே?" என்றான்.

இளைஞர் பேனாவை எடுத்துக்கொண்டார். மருமகன் தொப்பூர்க் கணவாயிலிருந்து சொல்லத் தொடங்கினான்.